டோக்கியோவில் தனிக்குடித்தனம்

உங்கள் கணவருக்கு டோக்கியோவுக்கு மாற்றலாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது உத்தியோகம் உங்களுடையதாகவே இருக்கட்டும். இந்தக் காலத்தில் அதற்கென்ன? இரண்டு வருஷம் அங்கே குடித்தனம். கம்பெனியே வீடு பார்த்துக் கொடுத்துவிட்டது. சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, அப்பளம், வடாம், புளி, காப்பிப் பொடி, இட்லித் தட்டு எல்லாவற்றையும் பெட்டிகளில் அடக்கி, எடை போட்டுப் பார்த்து, எதை எடுப்பது எதை வைப்பது என்று ஒரு சண்டையும் போட்டாகிவிட்டது. மாமியார் பெருங்காய டப்பாவை மூன்று உறைகளுக்குள் சுற்றிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சிநேகிதி, "ஜப்பானா! கொடுத்து வைத்தவள்!" என்று பெருமூச்சு விடுகிறாள்.

எதற்கெல்லாம் நீங்கள் தயாராகியிருக்கிறீர்கள்? பாஷை தெரியாது, அதற்கு ஒரு புத்தகம் வாங்கியாயிற்று. குளிருக்குக் கம்பளிச் சட்டை. பூகம்பத்துக்கு, ஆண்டவன் இருக்கிறான். இந்த மூன்றையும் சமாளித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் சகோதரிகளே, அயலூரில் ஒரு பெண்ணை உட்கார்ந்து அழ வைப்பது பாஷையும் அல்ல, குளிரும் அல்ல, பூகம்பமும் அல்ல. அது ஒரு குப்பைப் பையாக இருக்கலாம். ஒரு ஜோடிச் செருப்பாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பதாகவும் இருக்கலாம். அது ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். வாருங்கள், முதலில் ஊருக்குப் போய்ச் சேருவோம்.

முதல் பதினைந்து நாள்

முதல் பதினைந்து நாள் சொர்க்கம்தான். எதைப் பார்த்தாலும் அதிசயம். டாக்ஸியின் பின்கதவு நீங்கள் தொடாமலே திறக்கிறது. ஏறி உட்கார்ந்ததும் தானே சாத்திக்கொள்கிறது. மிச்சச் சில்லறையை டிரைவரிடமே விட்டுவிடலாம் என்று பார்த்தால் அவர் எண்ணித் திருப்பிக் கொடுக்கிறார். அந்த நாட்டில் இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை. தெருவில் ஒரு கடுதாசித் துண்டு கிடக்கவில்லை. ஆறு வயதுக் குழந்தைகள் மஞ்சள் தொப்பியும், முதுகை மறைக்கும் பெரிய பையுமாக, பெரியவர்கள் துணையில்லாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறார்கள்.

ரயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2017-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், டோக்கியோவையும் ட்ஸுகுபா நகரத்தையும் இணைக்கும் ரயில் கம்பெனி ஒன்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. வண்டி தாமதமாகிவிட்டதற்காக அல்ல. ஒரு நிலையத்திலிருந்து 20 வினாடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டதற்காக! அதற்கு அடுத்த வண்டி நாலே நிமிஷத்தில் வந்துவிட்டது. யாரும் புகார்கூடச் செய்யவில்லை. மன்னிப்பு மட்டும் வந்துவிட்டது.

இந்த மாதிரி ஒவ்வொன்றையும் நீங்கள் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள். நம் ஊரில் காலை ஆறு மணியென்றால் அங்கே ஒன்பதரை மணி. அம்மா காப்பி போடும் நேரத்தில் கைப்பேசியில் கூப்பிட்டு, "அம்மா, இங்கே எல்லாம் அவ்வளவு ஒழுங்கு!" என்பீர்கள். அந்த ஒழுங்கு இன்னும் உங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. ஏறும்போது தெரியும்.

குப்பை என்னும் சாஸ்திரம்

ஒரு நாள் காலையில் குப்பையைப் பையில் கட்டி, மற்றவர்கள் வைத்திருக்கும் இடத்தில் நீங்களும் வைத்துவிட்டு வருகிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எல்லார் பையும் போய்விட்டது. உங்கள் பை மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் தெருவில் போகிற வருகிற அத்தனை பேருக்கும் அதைப் படிக்கத் தெரியும்!

விஷயம் இதுதான்: எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, எரியாத குப்பைக்கு ஒரு கிழமை, பாட்டிலுக்கும் டின்னுக்கும் ஒரு கிழமை. பிளாஸ்டிக் பாட்டிலென்றால் மூடியைக் கழற்றி, மேலே சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்து, உள்ளே அலம்பி வைக்க வேண்டும். பத்திரிகைகளை அடுக்கிக் கயிற்றால் கட்ட வேண்டும். அப்பளம் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் கொட்டக் கூடாது. அதை உறைய வைப்பதற்கென்றே கடையில் ஒரு பொடி விற்கிறார்கள். சூடான எண்ணெயில் பொடியைப் போட்டால் ஆறியதும் அல்வாத் துண்டு மாதிரி கட்டியாகிவிடும். எடுத்து எரியும் குப்பையில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் அன்றைய தினம் காலையில், குறித்த நேரத்துக்குள் வைத்து, காக்கை கிளறாமல் மேலே வலையை மூட வேண்டும்.

பழைய நாற்காலியைத் தூக்கிப் போட வேண்டுமா? நம் ஊரில் பழைய சாமான்காரர் வந்து, பேரம் பேசி, நமக்குக் காசு கொடுத்து எடுத்துப் போவார். அங்கே முன்கூட்டியே சொல்லி, கட்டணச் சீட்டு வாங்கி, நாற்காலியின்மேல் ஒட்டி, நாம் காசு கொடுத்து அனுப்ப வேண்டும்! இதுவாவது பரவாயில்லை. ஷிகோகு தீவில் காமிகாட்ஸு என்று ஒரு மலையூர் இருக்கிறது. குப்பையே இல்லாத ஊராக வேண்டும் என்று 2003-இல் சங்கற்பம் செய்துகொண்ட அந்த ஊரார், வீட்டுக் குப்பையை 45 வகையாகப் பிரித்து வந்திருக்கிறார்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி எந்த மூலைக்கு?

வெளியே போனால் தெருவில் குப்பைத் தொட்டி தென்படுவதும் அபூர்வம். 1995 மார்ச் மாதத்தில் ஒரு மதக் கும்பல் டோக்கியோவின் பாதாள ரயில்களில் விஷ வாயுவைப் பரப்பி உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகு ரயில் நிலையங்களிலும் பொது இடங்களிலும் பல தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். பழம் தின்றால் தோலைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கிறதல்லவா? அந்தச் சீட்டு ஒட்டிய பையை நாலு பேர் பார்க்கத் திரும்ப எடுத்துக்கொண்டு மாடி ஏறுகிற பெண்ணுக்குச் சிரிப்பு வராது. பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்ட கை அது. ஒரு கல்யாணத்தையே நின்று நடத்திய கை. நாத்தனார் சீமந்தத்துக்குச் சீர் அடுக்கிய கை. அந்தக் கைக்கு இங்கே குப்பை போடத் தெரியவில்லை! கஷ்டம் குப்பையில் இல்லை. நேற்று வரை கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள் இன்று சின்னக் குழந்தையாகிவிட்டாளே, அதில்தான் இருக்கிறது.

அரைகுறை ஒற்றுமை

"ஜப்பானியர்களும் நம்மைப் போலச் செருப்பை வாசலில் விடுகிறவர்கள்தானே" என்று சொல்வார்கள். வாஸ்தவம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உள்ளே நுழைந்தவுடன் தாழ்வாக ஒரு சின்ன இடம் உண்டு. அதற்குக் கெங்கான் என்று பெயர். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏற வேண்டும். அது நமக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஏறினால் உள்ளே போட்டுக்கொள்ள வேறு செருப்பு வைத்திருப்பார்கள். சரி. ஆனால் கோரைப்பாய் மாதிரி தாதாமி விரித்த அறைக்குள் நுழைந்தால் அதையும் கழற்ற வேண்டும். கழிவறைக்குள் நுழைந்தால் அங்கே தனியாக ஒரு ஜோடி; அதை மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். மறந்து அதோடு கூடத்துக்கு வந்துவிட்டால், விருந்தினர் என்பதால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அத்தனை பேர் கண்ணும் ஒரு விநாடி உங்கள் காலுக்குப் போய்விட்டுத் திரும்பும்.

குளியலும் அப்படித்தான். வீட்டில் ஆழமான ஒரு தொட்டி, நிறைய வெந்நீர். நீங்கள் அதில் இறங்கி சோப்புப் போட்டுக்கொண்டால் போச்சு! முதலில் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து, தேய்த்துக் குளித்து, நுரை போக அலம்பிக்கொண்ட பிறகுதான் உள்ளே இறங்கலாம். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, அலுப்புப் போக்க. அதே வெந்நீரில்தான் வீட்டிலுள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். "ஒருவர் குளித்த தண்ணீரில் இன்னொருவரா?" என்று நம் மனம் சுளிக்கிறது. "அழுக்கு உடம்போடு தொட்டிக்குள்ளேயா?" என்று அவர்கள் மனம் சுளிக்கிறது. இரண்டு பேரும் சுத்தத்தைத்தான் பேசுகிறோம். இரண்டு பேருடைய சுத்தமும் வேறு வேறு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழுக்க முழுக்க வேறாக இருப்பது நம்மைத் தடுக்கி விழச் செய்யாது. அங்கே நாம் ஜாக்கிரதையாகக் காலெடுத்து வைப்போம். பாதி நம்மைப் போல் இருப்பதுதான் தடுக்கிவிடும்.

சாப்பாடும் ஒரு பேச்சும்

நீங்கள் சைவமாக இருந்துவிட்டால் சோதனை இன்னும் கொஞ்சம் கூடுதல். "மாமிசம் வேண்டாம், மீன் வேண்டாம்" என்று எழுதி வைத்துக் காட்டுவீர்கள். கடைக்காரர் தலை குனிந்து வணங்கி, காய்கறியும் கோதுமைச் சேமியாவும் போட்ட சூப்பைக் கொண்டுவந்து வைப்பார். அதில் மீன் துண்டு இல்லைதான். ஆனால் அந்தத் தண்ணீரே மீன் தண்ணீர்! தாஷி என்ற அந்த ரசத்தைப் பெரும்பாலும் கட்சுவோபுஷி என்னும் உலர்ந்த மீனைச் சீவிப் போட்டு இறக்குகிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் மாசிக் கருவாடு தெரிந்திருக்கும்; ஏறக்குறைய அதே சரக்குத்தான். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. நமக்கு ரசத்தில் புளி இருப்பது மாதிரி அவருக்கு அது. அதைப் போய் யாராவது 'மீன்' என்று கணக்கில் சேர்ப்பார்களா?

நாக்கு ஊரைத் தேடும் இந்தத் தவிப்பு புதிதல்ல. ராஷ் பிஹாரி போஸை நேயர்கள் அறிவீர்கள். 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜியிடம் தலைமையை ஒப்படைத்தாரே, அவர்தான். 1915-இல் வெள்ளைக்காரன் கையில் அகப்படாமல் ஜப்பானுக்குத் தப்பி வந்தவருக்கு, டோக்கியோ ஷின்ஜுகுவில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடை நடத்திய குடும்பத்தார் அடைக்கலம் கொடுத்தார்கள். அவர்கள் மகள் தோஷிகோவை 1918-இல் மணந்துகொண்டார். 1925-இல் அந்தப் பெண் இளம் வயதிலேயே காலமாகிவிட்டாள். இங்கிலீஷ்காரர் வழியாக ஜப்பானுக்குள் வந்திருந்த மாவு கரைத்த கறி அவருக்குக் கறியாகவே படவில்லை. 1927-இல் அந்தக் கடையிலேயே நம் நாட்டு முறையில் கறியும் சோறும் பரிமாறச் செய்தார். நாடு கடந்த புரட்சிக்காரருக்கும் தாளித்த வாசனை வேண்டியிருந்தது, பார்த்தீர்களா?

சாப்பாட்டைவிடப் பெரிய பசி ஒன்று உண்டு. பேச்சுப் பசி. காலை வேளையில் டோக்கியோ ரயில்களில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. ஏறினால் நம் ஊர் லேடீஸ் கம்பார்ட்மெண்ட் ஞாபகம் வருகிறது. பூ தொடுப்பதும், கீரை ஆய்வதும், "எங்கே இறங்கணும்? எத்தனை குழந்தைகள்?" என்று விசாரிப்பதுமாக அது எப்படி இருக்கும்! இங்கே நூறு பெண்கள் தோளோடு தோள் இடிக்க நிற்கிறார்கள். ஊசி விழுந்தால் கேட்கும். ரயிலில் கைப்பேசியில் பேசுவதே மரியாதைக் குறைவு. வீட்டிலும் அப்படியே. குக்கர் மூன்றாவது விசில் கொடுக்கும்போது உங்களுக்கே நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். மாடியில் யார் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று.

பேசினாலும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. நீங்கள் பேசப் பேச எதிரில் இருப்பவர் "ஹாய், ஹாய்" என்பார். "ஆமாம், ஆமாம்" என்கிறார், காரியம் முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பாட்டி கதை சொல்லும்போது நாம் 'உம்' கொட்டுவோமே, அந்த உம் அது. காதில் விழுகிறது என்று அர்த்தம். சம்மதம் என்று அர்த்தமல்ல. முடியாது என்றால் முடியாது என்று சொல்லமாட்டார்கள். "சொட்டோ..." என்று இழுத்து, மூச்சை உள்ளே வாங்கி, நிறுத்திவிடுவார்கள். 'கொஞ்சம்...' என்று பொருள். மிச்சத்தை நீங்களே பூர்த்தி செய்துகொள்ள வேண்டும். நம் பக்கத்துத் தலையாட்டலோ அவர்களைக் கலங்கடித்துவிடுகிறது. சம்மதம் என்று நாம் தலையை இப்படியும் அப்படியும் அசைக்கிறோம். பாவம், வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்!

வியாதிக்குப் பெயர் வைத்தவர்

இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் மெல்ல ஆரம்பிக்கிறது. கணவர் ஆபீஸுக்கும் குழந்தை பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு வீடு வெறிச்சென்றாகிறது. ஜன்னலருகில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே. கடைக்குப் போகச் சோம்பல். கடைக்காரி சிரித்தால் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாளோ என்று சந்தேகம். பாத்திரத்தை இரண்டு தடவை அலம்பியும் திருப்தியில்லை. ஒன்றுமில்லாததற்குக் கோபம், கோபம் முடிந்தால் அழுகை. "எனக்கு என்ன குறைச்சல்? ஏன் இப்படி இருக்கிறேன்?" என்று உங்களையே கேட்டுக்கொள்வீர்கள்.

உங்களுக்கு ஒரு குறையுமில்லை. இதற்குக் 'கலாசார அதிர்ச்சி' என்று பெயர். இந்தப் பெயரை உலகமெங்கும் பரப்பியவர் கலர்வோ ஓபெர்க் என்ற மானிடவியல் அறிஞர். பின்லாந்திலிருந்து கனடாவுக்குக் குடியேறியவர்களின் பிள்ளை. தேசம் தேசமாகச் சுற்றியவர். 1954 ஆகஸ்டில் பிரேஸில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் அவர் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவு செய்தார். யாரிடம் தெரியுமா? பெரிய பண்டிதர்கள் சபையில் அல்ல. அந்த ஊர் மாதர் சங்கத்தில்! கணவன்மார் உத்தியோகத்தின் பொருட்டு அயல்நாட்டில் குடித்தனம் செய்ய நேர்ந்தவர்களுக்கு இது புரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1960-இல் அது அச்சேறியது.

அவர் சொன்னதன் சாரம் இது. நம் ஊரில் நாம் நடமாடுவது ஆயிரம் சின்னச் சின்ன அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு. எப்போது கை கூப்புவது, எப்போது பேரம் பேசுவது, யார் சொல்வதை நிஜமென்று எடுத்துக்கொள்வது, எதை விளையாட்டாக விட்டுவிடுவது என்பதெல்லாம் தாய்ப்பாலோடு வந்தவை. இருப்பதே தெரியாது. அயலூரில் அவை எல்லாம் ஒரே சமயத்தில் கைவிட்டுப் போகின்றன. தண்ணீரை விட்டு வெளியே வந்த மீனுக்குத்தான் தண்ணீர் என்று ஒன்று இருந்ததே தெரிகிறது.

நாலு கட்டங்களாக இதை அவர் விவரித்தார். முதலில் தேனிலவு. பிறகு கசப்பு. அந்தக் கட்டத்தில் சொந்த நாட்டார் எல்லாரும் ஓரிடத்தில் கூடி, வந்த ஊரைத் திட்டித் தீர்ப்பார்களாம். டோக்கியோவில் எடொகாவா வட்டாரத்து நிஷி கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. 2000-ஆம் வருஷத்தை ஒட்டிக் கம்ப்யூட்டர் இன்ஜினீயர்கள் வரத் தொடங்கியதிலிருந்து பெருகியவர்கள். மசாலா சாமான், பருப்பு, தீபாவளி எல்லாம் அங்கே உண்டு. அங்கே நாலு பெண்கள் சேர்ந்து, "இந்த ஊர் ஜனங்களே இப்படித்தான்!" என்று ஆரம்பித்தால், அது வம்பு அல்ல, வியாதியின் இரண்டாங் கட்டம் என்று அறிக! மூன்றாவது, தேறி வருவது. தன் கஷ்டத்தைத் தானே கேலி செய்துகொள்ள முடிந்தால் அது ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தமாம். நாலாவதில் அந்த ஊரும் ஒரு ஊர், அது வாழும் வழியும் ஒரு வழி என்று மனம் ஏற்றுக்கொள்கிறது.

படிக்கட்டில் பொம்மைகள்

எப்படித் தேறுகிறார்கள்? பெரிய உபதேசங்களால் அல்ல. கைவிட்டுப் போன அடையாளங்களுக்குப் பதிலாகப் புது அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு வருவதால்தான்.

பெரும்பாலும் அது ஒரு பக்கத்து வீட்டு அம்மாளிடமிருந்து வரும். புதிதாகக் குடி வருகிறவர்கள் அண்டை அயலாருக்கு ஒரு சின்னப் பரிசு கொண்டுபோய்க் கொடுத்து வணங்கிவிட்டு வருவது அந்த நாட்டு வழக்கம். துண்டு, பலகாரம், சோப்பு என்று ஏதாவது. கொடுத்துவிட்டால் கதவு திறந்துவிட்டது. குப்பைக் கிழமைகளைப் படம் போட்டு விளக்கிய தாளை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் விரலால் ஒவ்வொன்றாகக் காட்டுவாள். பாஷையே வேண்டாம். நீங்கள் ஒரு கிண்ணத்தில் கேசரி கொடுத்தால், கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராது. நாம் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் திருப்புவோமே, அந்தப் பழக்கம் அவர்களிடமும் பழைய நாளிலிருந்து இருக்கிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வரும்: குழந்தைக்குத் தரை துடைக்கும் துணி தைத்து அனுப்புங்கள் என்று. "படிக்க அனுப்பினால் தரை துடைக்கச் சொல்கிறார்களா?" என்று முதலில் திடுக்கிடும். அங்கே வகுப்பறையைக் குழந்தைகளே பெருக்கித் துடைக்கிறார்கள். சாப்பாட்டைத் தாங்களே பரிமாறிக்கொள்கிறார்கள். தெரு ஏன் சுத்தமாக இருக்கிறது என்று முதல் பதினைந்து நாள் வியந்தீர்களே, அதற்குப் பதில் அந்தத் துணியில் இருக்கிறது.

சாப்பிடும் குச்சியைச் சாதத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்காதே என்பார்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றாதே என்பார்கள். தகனம் செய்த எலும்பை எடுக்கும்போது மட்டும் இரண்டு பேர் அப்படிச் சேர்ந்து எடுப்பது. நாலு என்ற எண்ணைத் தவிர்ப்பார்கள்; அதன் ஒலி மரணத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலி. இதைக் கேட்டால் மற்றவர் சிரிக்கலாம். மொய் எழுதும்போது நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து வைக்கும் நாம் சிரிப்போமா?

பிப்ரவரி மாதம் வந்ததும் ஒரு நாள் கடை வாசலில் அப்படியே நின்றுவிடுவீர்கள். சிவப்புத் துணி விரித்த படிக்கட்டு. மேல் படியில் ராஜாவும் ராணியும். அடுத்த படியில் தோழிப் பெண்கள் மூவர். அதற்குக் கீழே வாத்தியக்காரர் ஐவர். கொலு! மார்ச் 3-ஆம் தேதி வரும் ஹினா மட்ஸூரி என்ற பெண் குழந்தைகள் பண்டிகைக்காக வீட்டுக்கு வீடு இப்படி வைக்கிறார்கள். வசதியுள்ள வீடுகளில் ஏழு படிகள்கூட. அம்மாவிடமிருந்து பெண்ணுக்கு வரும் பொம்மைகள். பண்டிகை முடிந்ததும் சீக்கிரம் எடுத்து வைத்துவிட வேண்டும். தாமதித்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகுமாம்! இதைச் சொல்லும் ஜப்பானியப் பாட்டியின் முகத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியின் முகம்தான்.

அதே உற்சாகத்தில் டோக்கியோ உயெனோவுக்குப் போனால், ஷினோபஸு குளத்தின் நடுவே பென்ஸாய்டென் என்ற தேவியின் கோவில். கையில் வீணை போன்ற வாத்தியத்தோடு படைக்கப்படும் தேவி. வேறு யாருமில்லை, புத்த மதத்தோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதிதான். அவளும் ஒரு காலத்தில் ஊர் விட்டு ஊர் வந்தவள். பெயர் மாறி, உடை மாறி, பாஷை மாறி, நன்றாகவே குடித்தனம் செய்கிறாள்.

திரும்பி வந்தால்...

இரண்டு வருஷம் முடிந்தது. அப்பாடா என்று சென்னையில் வந்து இறங்குகிறீர்கள். கதை முடிந்ததா? இல்லை! ஜான் கல்லாஹார்ன், ஜீன் கல்லாஹார்ன் என்ற அமெரிக்கத் தம்பதிகள், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்களை ஆராய்ந்து 1963-இல் ஒரு விஷயம் சொன்னார்கள். ஊர் திரும்பும்போதும் அதே அதிர்ச்சி இன்னொரு தடவை வருகிறதாம்.

ஹாரன் சத்தத்தில் காது அடைக்கிறது. வரிசையில் பின்னால் நிற்பவர் உங்கள் தோள்மேல் நிற்கிறார். உறவினர் வாசற்படியிலேயே, "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்? எவ்வளவு சேர்த்தாய்?" என்கிறார். கறிகாய்க்காரரைப் பார்த்து உங்கள் தலை தானாகக் குனிந்து வணங்குகிறது, அவர் விழிக்கிறார். குழந்தை வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதை எந்தக் கிழமையில் போட வேண்டும்?" என்று கேட்கிறது. அங்கே எதற்கெடுத்தாலும் ஊரை நினைத்து அழுத பெண்ணுக்கு, இங்கே ஒரு சாயங்காலம் காரணமில்லாமல் அந்த அமைதி ஞாபகம் வருகிறது. தொண்டை அடைக்கிறது. யாரிடமும் சொல்லவும் முடியாது, "போதும், பீற்றிக்கொள்ளாதே!" என்பார்கள். இதையும் வியாதி என்று எண்ண வேண்டாம். ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்தது போல, மனத்துக்கு இரண்டாவது வாசல் ஒன்று திறந்துவிட்டது. அதில் வரும் காற்று இது.

டோக்கியோ போகாதவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளை முன்னிட்டு ஜப்பானியக் குடும்பங்கள் இங்கே வந்து குடியிருக்கின்றன. உங்கள் மாடியிலேயே ஒரு பெண் இருக்கலாம். கணவன் விடியற்காலையில் போய்விடுகிறான். இரவில்தான் வருகிறான். பகல் முழுவதும் அவள் ஜன்னலருகில். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. காய்கறிக்காரர் தலையை ஆட்டியது சம்மதமா, மறுப்பா என்று தெரியாது. லிஃப்டில், "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று நீங்கள் கேட்டது அன்பினால் என்றும் தெரியாது. அவளும் ஊரில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள்தான். அவளுக்குப் பெரிய உபசாரம் ஒன்றும் வேண்டாம். எந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று ஒரே ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுங்கள், போதும்.

ஒன்றை மட்டும் அவளுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்காது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் "போகிறேன்" என்று சொல்லமாட்டோம், அபசகுனம். "போய் வருகிறேன்" என்போம். ஜப்பானில் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு கணவனும் சொல்லும் வார்த்தை "இத்தெ கிமாஸ்". அதற்கு அட்சரம் பிசகாமல் அதே அர்த்தம்: போய் வருகிறேன். உள்ளேயிருந்து "இத்தெராஷ்ஷாய்" என்று பதில் வரும். போய் வாருங்கள்.